தாயின் பெயரை வைத்துக்கொண்டவர்கள்

"நீ படிச்சுக் கிழிச்சாலும் அந்தக் கடதாசியில ஆரின்ர பேர் விழப்போகுது?" என்று அண்ணன் ஒருமுறை என்னிடம் கேட்டார்.

பல்கலைக்கழகத்துக்கான விண்ணப்பத்தைச் சமையலறை மேசையில் வைத்து நான் நிரப்பிக்கொண்டிருந்தேன். அவர் வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தேத்தண்ணிக்காக நின்றார். பிளாஸ்டிக் தொழிற்சாலையின் மணம் அவருடைய ஜாக்கெட்டில் இருந்தது. கோபத்தில் கேட்ட கேள்வி இல்லை. அவருக்கு உண்மையிலேயே சந்தேகம்.

"அப்பான்ர பேரை உன்ர பேர் எண்டு கூப்பிடுறாங்கள். உன்ர பேரைக் குடும்பப் பேர் எண்டு வைச்சிருக்கிறாங்கள். நாளைக்குக் கலியாணம் கட்டினா எவன்ரயோ பேர் பின்னால வரும். பட்டம் ஆருக்கு எண்டு குடுக்கிறவனுக்கே விளங்காது, தங்கச்சி."

அவர் சொன்னதில் பிழையில்லை. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. முதலில் தகப்பனின் பெயர், அடுத்தது சொந்தப் பெயர். அவ்வளவுதான். அடுத்த தலைமுறையில் தகப்பனின் பெயர் மாறும், பழையது கழன்று விழும். மன்னாரில் இது யாருக்கும் தொல்லையாக இருந்ததில்லை. இங்கே, நியூசிலாந்தின் ஓக்லாந்தில், கடைசியாக வருவது சர்நேம், முதலில் வருவது அழைக்கும் பெயர். அதனால் வைத்தியரின் காத்திருப்பு அறையில் தாதி வந்து, இறந்துபோன என் அப்பாவைக் கூப்பிடுவார். நான் எழுந்து போவேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. அப்பா கடலுக்குப் போனவர். அம்மா கடற்கரைக் கொட்டிலான வாடியில் மீனுக்கு உப்புப் போட்டுக் காயவைத்தவர். அண்ணனுக்குப் படிப்பு வரும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம், ஆனாலும் அவர் பாதியிலேயே அப்பாவோடு வள்ளத்தில் ஏறிவிட்டார். எனக்கும் அதே கதைதான் நடந்திருக்கும். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது அம்மா. கையில் மீன் மணக்கும் என்பதற்காக வாசலில் நின்று, என்னை மட்டும் உள்ளே தள்ளிவிட்டார். அப்பாவும் ஒன்றும் தடுக்கவில்லை. அவர் நல்ல மனிதர். அவர் போன பிறகு அண்ணன் எப்படியோ நியூசிலாந்து வந்து சேர்ந்து, எங்களையும் கூப்பிட்டுக்கொண்டார்.

ஓக்லாந்தின் பக்குரங்காவில் வாடகைக்கு ஒரு வீடு. அண்ணன், அவருடைய மனைவி, அம்மா, நான். நாலு பேருக்கும் மூன்று சர்நேம். தபால்காரர் இது விடுதி என்று நினைத்திருப்பார்.

படிக்கும் காலத்தில் நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை செய்தேன். காலையில் சலவை, பிறகு பஸ்ஸில் நகரம், அங்கிருந்து பாலத்தைத் தாண்டி இன்னொரு பஸ்ஸில் பல்கலைக்கழகம் இருந்த ஆல்பனி. அந்த வளாகம் அப்போது புதிது. கட்டிடத்தைவிட மண்மேடு அதிகம். விரிவுரைகளில் என் கண்கள் தானாக மூடும். பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் தலை இடிக்க இடிக்க நித்திரை கொள்வேன். அந்த வருடங்களைப் பற்றி யாராவது கேட்டால் முதலில் எனக்கு நினைவு வருவது களைப்புத்தான். படித்தது பிறகுதான் நினைவு வரும்.

சலவை அறையில் பெரிய வேலை துவைப்பது இல்லை. அதை மெஷின் செய்துவிடும். யாருடைய துணி யாரிடம் போக வேண்டும் என்பதுதான் பாடு. இல்லத்தில் இருந்த ஒவ்வொருவரின் உடுப்பிலும், காலுறை உட்பட, பெயர் இருக்க வேண்டும். ஒரு சின்ன மெஷின் வெள்ளை நாடாவில் சர்நேமை அச்சடித்துத் தரும். அதைக் கழுத்துப் பட்டிக்குள் வைத்துச் சூடான தட்டால் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். பழையது வெளிறினால் உரித்துவிட்டுப் புதியது.

என்னோடு அந்த வேலையைச் செய்தவள் கீவ் நகரத்தில் இருந்து வந்தவள். என்னைவிடச் சில வயது மூத்தவள், யூதப் பெண். சோவியத் நாடு உடைந்த பிறகு கணவனோடு புறப்பட்டிருக்கிறாள். அங்கே பாலம் கட்டப் படித்தவள். இங்கே படுக்கை விரிப்பின் இரண்டு மூலையை அவள் பிடிக்க, மற்ற இரண்டு மூலையை நான் பிடிப்பேன். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் இரவல். அவள் சொன்னதை எங்கள் வீட்டுத் தமிழிலேயே எழுதுகிறேன். என் காதில் அது அப்படித்தான் விழுந்தது.

அந்த இல்லத்தில் ஐரோப்பாவில் இருந்து வந்த யூத முதியவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்களை இங்கே எழுதுவது முறையில்லை. அதே வகைப் பெயர்களை எழுதுகிறேன். ஒருநாள் அவள் ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இவர் தையல்காரன்," என்றாள்.

"தெரியுமோ அவரை?"

"பேர் சொல்லுது. ஷ்னைடர். ஜெர்மன் பாஷையில தையல்காரன்." அடுத்த சட்டையை எடுத்தாள். "இவரும் தையல்காரன். கிராவிட்ஸ். அது எங்கட பக்கத்துப் பாஷை." பிறகு ஒரு கம்பளிச் சட்டை. "நாடெல். இது ஊசி."

"உங்கட ஆக்களில தைக்காத ஆக்களே இல்லையோ?"

"இருக்கினம். பொறும்." கூடையைக் கிளறி ஒரு நீளக் காற்சட்டையை எடுத்தாள். "ரெஸ்னிக். ஆடு மாடு வெட்டுறவர். எங்கட முறைப்படி வெட்டுறவர்."

"அவர்ர காற்சட்டையை ஆர் தைச்சது?"

"முதல் சொன்னவர்தான்," என்றாள் சிரிக்காமல்.

அன்றிலிருந்து அது எங்கள் விளையாட்டானது. நாடாவை அச்சடித்ததும் நான் அவளைப் பார்ப்பேன், அவள் மொழிபெயர்ப்பாள். கோஹன் என்றால் குருக்கள் வம்சம். எங்கள் வேதாகமத்தில் ஆரோனின் வழி வந்த குருக்கள் இருக்கிறார்களே, அவர்கள். கட்ஸ் என்பதும் குருக்கள் வம்சம்தான், இரண்டு எபிரேயச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தது. லெவி என்றால் லேவியர். மறைக்கல்வி வகுப்பில் படித்த லேவியரின் இரவுச் சட்டையை மடித்து வைப்பேன் என்று நான் நினைத்தது கிடையாது. பெர்லினர், வார்ஷாவ்ஸ்கி எல்லாம் வந்த ஊர். கிளைன் என்றால் சின்ன ஆள், குரோஸ் என்றால் பெரிய ஆள். ஆனால் எங்கள் இல்லத்துச் சின்ன ஆளின் காற்சட்டைக்குள் இரண்டு பேர் போகலாம்.

தொழிலைப் பெயரில் வைத்திருந்தது எனக்கு முதலில் ஒருமாதிரி இருந்தது. எங்கள் ஊரில் எங்கள் தொழிலைப் பெயரோடு ஒட்டிச் சொன்னவர்கள் மரியாதைக்காகச் சொன்னதில்லை. அவளிடம் அதைச் சொன்னேன். அவள் தோளைக் குலுக்கினாள்.

"எங்களையும் மரியாதைக்குக் கேக்கேல்ல. முதல் நாங்களும் உங்களை மாதிரித்தான். இன்னாரின்ர மகன் இன்னார். பிறகு ராசாக்கள் சொன்னாங்கள், ஒரு பேர் எடு, இனி அது மாறக்கூடாது எண்டு."

"ஏன்?"

"வரிக்கு. பட்டாளத்துக்கு. தேப்பன்ர பேர் ஒவ்வொரு தலைமுறையும் மாறினா ஆளைப் பிடிக்கிறது எப்பிடி?"

இது எனக்குப் பெரிய சேதி. அதற்கு முதல் நான் உலகம் முழுக்க எல்லோருக்கும் எப்போதும் சர்நேம் இருந்தது என்றும், எங்களுக்கு மட்டும்தான் இல்லை என்றும் நினைத்திருந்தேன். ஏதோ ஒரு பாத்திரம் வாங்க மறந்த வீடு மாதிரி எங்களை நினைத்திருந்தேன்.

அந்த வருடம் வரலாற்றுப் பாடத்தில் விருப்பமான தலைப்பில் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. நான் யூதக் குடும்பப் பெயர்களை எடுத்தேன். விரிவுரையாளர் ஒரு மெலிந்த மனிதர், எப்போதும் சைக்கிள் தொப்பியைக் கையில் வைத்திருப்பார். உனக்குச் சொந்தமான ஒரு விஷயத்தை எடுத்தால் சுலபமாக இருக்குமே என்றார். இது என் சொந்த விஷயம்தான் என்றேன். அவர் என் பெயரை, அதாவது அப்பாவின் பெயரைச் சொல்லி, சரி, முயன்று பார் என்றார்.

கட்டுரையில் நான் கீவ்காரி சொன்ன ஒரு கதையை எழுதியிருந்தேன். பெயர் எழுதும் அதிகாரிக்கு நிறையக் கொடுத்தவர்களுக்கு ரோஜா மலை, தங்கக் கல், பூப் பள்ளத்தாக்கு என்று அழகான பெயர் கிடைத்தது, கொடுக்காதவர்களுக்கு அசிங்கமான பெயர் என்பது கதை. அந்தப் பந்திக்குப் பக்கத்தில் விரிவுரையாளர் பென்சிலால் 'யார் சொன்னது?' என்று எழுதிவிட்டார்.

யார் சொன்னது என்று நான் நூலகத்தில் தேடினேன். இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் அந்தக் கதையைப் பெரிதாக நம்பவில்லை. சில இடங்களில் அப்படி நடந்திருக்கலாம், ஆனால் ரோஜாவும் தங்கமும் பெரும்பாலும் அந்த மக்களோ அதிகாரிகளோ சும்மா அழகுக்காகத் தேர்ந்தவை. ஸ்பெயின் பக்கத்து யூதர்களுக்கு அரசாணைக்கு வெகுகாலம் முன்னாலேயே குடும்பப் பெயர் இருந்ததையும் அங்கேதான் படித்தேன். அடுத்த நாள் அவளிடம் சொன்னேன்.

"பொய்யெண்டா நல்ல பொய்," என்றாள். "நான் சின்ன வயசில இருந்து ரோஜா மலைக்காரரைக் கண்டா, உங்கட தாத்தா லஞ்சம் குடுத்தவர் எண்டு பகிடி பண்ணுறனான். இனி என்ன செய்யிறது?"

பிறகு அவள் தன்னுடைய பெயரைப் பற்றிச் சொன்னாள். அவளுடைய பெயரையும் நான் எழுதவில்லை. ரிவ்கா என்ற பெண்ணின் பெயரில் இருந்து ரிவ்கின் என்று ஒரு குடும்பப் பெயர் வரும். அது போன்ற பெயர். அவர்களுடைய குடும்பத்தில் ஒரு பழைய பாட்டி இருந்தாளாம். அவளுடைய புருஷன் முழு நேரமும் வேதம் படித்துக்கொண்டிருக்க, அவள் சந்தையில் தானியம் விற்றாள். ஊர் முழுக்க அவளைத்தான் தெரியும். பெயர் எடு என்று ஆணை வந்தபோது அவள் பெயரே வீட்டுப் பெயராகிவிட்டது. இருநூறு வருடத்துக்குப் பக்கமாக ஆண்கள் அதைச் சுமக்கிறார்கள்.

"ஒருத்தரும் வெக்கப்படேல்லையோ?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

எதுக்கு என்று அவளுக்கு விளக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. எங்கள் ஊரில் ஒருவனைத் தாயின் பெயரைச் சொல்லி இன்னாளின் மகன் என்று அழைத்தால் அது திட்டு. தகப்பன் யார் என்று தெரியாது என்று அர்த்தம். அவள் விரிப்பின் மூலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப பெத்தவளின்ர பேர் ஒருத்தருக்கும் இல்லையோ?"

விரிப்பு தரையில் கிடந்தது. திரும்பவும் மெஷினில் போட வேண்டியதாகிவிட்டது.

அதையும் போய்த் தேடினேன், அதுதான் என் பழக்கமாகிவிட்டது. சில வட்டாரங்களில் தாய்ப் பெயரில் இருந்து வந்த குடும்பப் பெயர்கள் கொத்துக் கொத்தாக இருக்கின்றனவாம். அந்தப் பக்கத்தில் அப்படி எழுதுவது ஒரு வழக்கமாக இருந்திருக்கலாம். தானியம் விற்ற பாட்டி இருந்தாளா என்பதற்கு யாரிடமும் சான்று இல்லை. இதைச் சொல்லவா விடவா என்று யோசித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அவள் கோபிக்கவில்லை.

"ஆரோ ஒரு கிளாக்கர் சோம்பல்பட்டு எழுதியிருப்பான் எண்டுறீர். எழுதினது அவளின்ர பேர்தானே," என்றாள்.

அண்ணனுக்கு மகள் பிறந்தது என் கடைசி வருடத்துக் குளிர்காலத்துக்குச் சற்று முன்பு. நாங்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் காலமும் அதுதான். என் படிப்பும் முடியும் கட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, அண்ணன் எல்லோரையும் மேசைக்குக் கூப்பிட்டார். அண்ணனின் மனைவி, என் மச்சாள், குழந்தையை மடியில் வைத்திருந்தார்.

"இனி ஒரே சர்நேம்," என்றார் அண்ணன். "பிள்ளை பள்ளிக்கூடம் போகேக்க இந்தக் குழப்பம் வேண்டாம். என்ர பேரை எல்லாரும் பின்னால போடுவம். பிள்ளைக்கு எப்பிடியும் அதுதானே."

"அண்ணா, உங்கட பேரை நான் போட்டா நான் உங்களுக்கு மகள்."

"இஞ்ச ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"அப்ப நான்?" என்று அம்மா கேட்டார்.

"நீங்களும் போடுங்கோவன்."

"பெத்த மகனுக்கு நான் மகளோ?"

மச்சாள் சிரிப்பை அடக்க முடியாமல் குழந்தையின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்தார். அண்ணன் விடவில்லை. "சரி, அப்பான்ர பேரைப் போடுவம்."

இதற்கு மச்சாள் தலையைத் தூக்கினார். "அப்ப இவள் உங்களுக்குத் தங்கச்சி. நான் உங்கட தங்கச்சியைப் பெத்து வைச்சிருக்கிறன்."

எங்கள் பெயர் முறை அப்படி. பின்னாலோ முன்னாலோ ஒட்டுகிற பெயர், நீ யாருடைய பிள்ளை என்பதைச் சொல்லும். அதை எங்கே நிறுத்தி ஆணி அடித்தாலும் யாரோ ஒருவருக்கு உறவு மாறிப்போகும். எந்த ராசாவும் எங்களைக் கேட்கவில்லை, ஆனால் ஆணியை எங்கே அடிப்பது என்று நாங்கள் மேசையைச் சுற்றி இருந்து சண்டை பிடித்தோம்.

நான் களைத்திருந்தேன். யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல முடியாது. ஆனால் சொன்ன பிறகு அது சரி என்று எனக்குத் தெரிந்தது.

"அம்மான்ர பேரைப் போடுவம். அதில அண்ணா பிள்ளை, நான் பிள்ளை. பொம்பிளைப் பேரைத் தேப்பன்ர பேர் எண்டு ஒருத்தரும் வாசிக்கமாட்டினம், உறவு மாறாது. இவளுக்கு அப்பம்மான்ர பேர்."

அம்மாவின் முகம் இறுகியது. "என்னை ஆரெண்டு நினைச்சாய்? தேப்பன் இல்லாமப் பெத்தனானோ? கலியாணம் கட்டி, கோயில்ல மோதிரம் மாத்திப் பெத்த பிள்ளையள் நீங்கள்."

"ஆரும் அப்பிடிச் சொல்லேல்ல, அம்மா."

"ஊர் சொல்லும். இஞ்ச இருக்கிற எங்கட சனமும் சொல்லும்."

அண்ணன் கேட்டது மெதுவாக. "அப்பா என்ன பிழை செய்தவர் உனக்கு?"

ஒன்றும் செய்யவில்லை. அப்பாவின் மேல் ஒரு குறையும் எனக்கு இல்லை. ஆனால் என்னைக் கையில் பிடித்துப் பள்ளிக்கூட வாசலுக்குக் கொண்டுபோன ஆளுடைய பெயர் உலகத்தில் எந்த இடத்திலும் இல்லை. இந்த நாட்டில் அவர் அப்பாவின் பெயருக்கு முன்னால் ஒரு மிஸஸ். கோயிலில் அன்ரி. வீட்டில் அம்மா. அவருடைய பெயரைக் கடைசியாக யார் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எனக்கே தெரியவில்லை. அன்று மேசையில் அதை எடுத்துச் சொல்ல எனக்குத் தெம்பு இருக்கவில்லை. அண்ணன் தன் வழியில் போனார். மகளுக்குத் தன் பெயரையே பதிந்தார். அது அவருடைய பிள்ளை.

என் பட்டத்தில் விழப்போகும் பெயர் மட்டும் மிச்சம் இருந்தது. பட்டமளிப்புக்கு முன் பெயரை மாற்றாவிட்டால் அப்பாவின் பெயரும் என் பெயரும் பழையபடி தலைகீழாக அச்சாகும். கலியாணத்துக்குப் பிறகு அதுவும் இன்னொருவரின் பெயரால் மூடப்படும்.

கடைசிப் பரீட்சை முடிந்த கையோடு நான் படுத்துவிட்டேன். நெஞ்சில் சளி, காய்ச்சல். எங்கள் வாடகை வீட்டின் சுவர்கள் குளிர்காலம் முழுக்க ஈரமாகவே இருக்கும். ஜன்னல் விளிம்பில் கறுப்புப் பூஞ்சணம். அம்மா கொத்தமல்லி அவித்துத் தருவார், செபமாலையை உருட்டிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் இருப்பார். மேசையில் நடந்த கதையை நாங்கள் இருவரும் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் கீவ்காரி வந்தாள். கையில் பீட்ரூட் சூப் ஒரு போத்தலில். அம்மா அதைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு வாங்கி வைத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை, நான் நடுவில் படுத்துக்கொண்டு மொழிபெயர்த்தேன்.

"உம்மட அம்மான்ர பேர் என்ன?" என்று கேட்டாள் அவள்.

"ஏன்?"

"போன வருசம் எனக்குப் பித்தப்பை வெட்டேக்க எங்கட தொழுகைக் கூடத்தில எனக்காக மன்றாடினவை. அங்க சொந்த ஊர்ல நான் அந்தப் பக்கமே போனதில்லை, ஒண்டும் தெரியாது. என்ர தேப்பன்ர பேரைச் சொன்னன். அது வேண்டாம், தாயின்ர பேர் சொல்லு எண்டினம். மற்ற எல்லாத்துக்கும் எங்கட முறையில இன்னும் இன்னாரின்ர மகன் இன்னார்தான், கல்லறையிலயும் அப்பிடித்தான். ஆனா வருத்தக்காரருக்கு, நோயில படுத்தவைக்கு, மன்றாடேக்க இன்னாளின்ர பிள்ளை எண்டுதான் சொல்லுவினமாம். எனக்குப் பெரிசா நம்பிக்கை இல்லை. ஆனாலும் உமக்காகச் சொல்லப் போறன். பேர் தாரும்."

இதை அம்மாவுக்குச் சொன்னேன். இருமி இருமித்தான் சொல்லி முடித்தேன். அம்மா செபமாலையை நிறுத்தினார்.

"வருத்தம் பாக்கிறது தாய்தானே," என்றார். "அது சரியாத்தான் செய்யினம்."

பிறகு அவர் கீவ்காரியைப் பார்த்துத் தன் பெயரைச் சொன்னார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். எங்கள் ஊர் வாயில் உருண்டு உருண்டு முழுத் தமிழாகிவிட்ட ஒரு புனிதையின் பெயர். கீவ்காரி அதைத் திருப்பிச் சொன்னாள். பிழை. அம்மா தலையை ஆட்டி மறுத்து, பள்ளிக்கூட ரீச்சர் மாதிரி மெதுவாக மறுபடி சொன்னார். அவள் மறுபடி சொன்னாள். அதுவும் பிழை. அம்மா கதிரையை இழுத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் போய், வாயைத் திறந்து நாக்கு எங்கே படவேண்டும் என்று காட்டினார். இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள். அந்த அறையில் அம்மாவின் பெயர் திரும்பத் திரும்பக் கேட்டது, பிழையாக, பாதிச் சரியாக, பிறகு ஒருமுறை சரியாக.

"இப்ப சரி," என்றார் அம்மா தமிழில்.

அவள் போன பிறகு அம்மா சூப்பைச் சூடாக்கிக் கொண்டுவந்து ருசி பார்த்தார். உப்பு இல்லை என்றார். கொஞ்சம் போட்டார். நான் குடித்து முடித்துக் கிண்ணத்தைக் கொடுத்தபோது, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்தப் பேர் விஷயம். உன்ர இஷ்டம். ஆனா ஊருக்கு எழுதாத. ஆரும் கேட்டா, இஞ்சத்தைய சட்டம் அப்பிடி எண்டு சொல்லு."

அப்படி ஒரு சட்டம் இல்லை என்று அவருக்கும் தெரியும். ஊருக்கு எழுதக்கூடாது என்ற வாக்கை இன்றுவரை காப்பாற்றுகிறேன். பெயர்களைப் பற்றிய இந்தப் பக்கங்களில் எங்கள் வீட்டாரின் பெயர் ஒன்றுகூட இல்லாததற்கு அதுதான் காரணம்.

காய்ச்சல் விட்டதும் பெயர் மாற்றத்துக்கான சத்தியக் கடதாசியோடு பக்குரங்கா கடைத்தொகுதிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சமாதான நீதவானிடம் போனேன். ஓய்வுபெற்ற மனிதர், வீட்டு முன்னறையில் வைத்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். புதுப் பெயருக்குக் காரணம் கேட்டார். குடும்பப் பெயர் என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணனிடம் நானே சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கலியாணம் கட்டினாப் பிறகு?"

"மாத்தமாட்டன்."

"பாப்பம்," என்றார். அவருக்குச் சந்தேகம் போகவில்லை. போக வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அவரிடம் வாதாடும் அளவுக்கு எனக்கு இன்னும் உடம்பு தேறவில்லை.

புதுப் பெயரின் பத்திரம் தபாலில் வந்த கிழமையில், காலை வேலையை முடித்துவிட்டு வழமைபோல் இரண்டு பஸ் பிடித்து ஆல்பனிக்குப் போனேன். பாலத்தில் நெரிசல். நித்திரை வந்தது, ஆனாலும் பத்திரம் இருந்த பையைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தேன். பட்டமளிப்பு அலுவல்களைப் பார்க்கும் பெண்ணிடம் அதைக் கொடுத்தேன். அவள் பழைய பெயரை அழித்துப் புதியதைப் பதிந்தாள். போகலாம் என்றாள். நான் போகவில்லை. மேடையில் யார் பெயர்களை வாசிப்பார்கள் என்று கேட்டேன். உச்சரிப்புச் சிரமமானவற்றைத் தானே வாசிப்பவருக்குச் சொல்லிக்கொடுப்பதாக அவள் சொன்னாள்.

கவுண்டருக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அம்மாவின் பெயரை மெதுவாகச் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள். பிழை. மறுபடி சொன்னேன். எனக்குப் பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அவள் அதைச் சரியாகச் சொன்ன பிறகுதான் எழுந்து பஸ்ஸுக்குப் போனேன்.